டோர்ன்காட்: 'ஆவிகளின் இடம்' என்றால் என்ன?

கனடா வரைபடத்தின் கிழக்கு ஓரத்தில், லாப்ரடார் தீபகற்பம் வடக்கே போகப் போகக் குறுகிக் கொம்பு மாதிரி முடிகிறது. கொம்பின் கிழக்கே லாப்ரடார் கடல், மேற்கே உங்காவா விரிகுடா, நடுவில் முழுக்க மலை. அந்த மலைத்தொடரின் பெயர் டோர்ன்காட். அங்கே போகச் சாலை கிடையாது. லாப்ரடார் கரையின் வடகோடி ஊரான நெய்னிலிருந்து, மலைப் பூங்காவின் தெற்கு விளிம்பைத் தொடுவதற்கே 200 கிலோமீட்டருக்கு மேல் படகில் போக வேண்டும். அந்த நெய்னுக்கும் சாலை கிடையாது.

இந்த மலையைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுகிற வாக்கியம், 'டோர்ன்காட் என்றால் ஆவிகளின் இடம்' என்பதுதான். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் 'தீய ஆவிகளின் இடம்' என்று எழுதுகிறார்கள். அதைப் படித்த கையோடு, மேகம் கவிந்த கறுத்த பாறைகளின் படம் ஒன்றையும் பார்த்துவிட்டால், மனிதர் அண்டாத ஏதோ பேய்மலை என்றே மனதில் பதிந்துவிடும். ஆனால் சுமார் 7,000 ஆண்டுகளாக மனிதர் புழங்கிய இடம் இது. 'ஆவி' என்று அங்கே எதைச் சொன்னார்கள், ஆளே இல்லாத இடம் என்ற எண்ணம் எப்படி வந்தது என்ற இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டால் இந்த மலையை ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

அதற்கு முன், இது ஆர்க்டிக்கா இல்லையா என்ற ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஆர்க்டிக் வட்டம் இருப்பது 66.5 பாகை வடக்கில். டோர்ன்காட் இருப்பதோ 58க்கும் 60க்கும் இடையில். ஓஸ்லோவும் ஸ்டாக்ஹோமும் இருக்கிற அதே அட்சரேகைதான். அங்கே டிராம் ஓடுகிறது, ஆப்பிள் காய்க்கிறது. இங்கே ஒரு மரம்கூட முளைப்பதில்லை. காரணம் கடல். ஐரோப்பாவின் கரையை வெதுவெதுப்பான நீரோட்டம் தொட்டுக்கொண்டு போகிறது. லாப்ரடார் கரையிலோ வடதுருவப் பக்கத்திலிருந்து பனிப்பாறைகளைச் சுமந்துகொண்டு குளிர்ந்த நீரோட்டம் இறங்குகிறது. ஜூலை மாதத்திலும் கரையோரம் பனிப்பாறை மிதப்பதைப் பார்க்கலாம். ஆகவே கணக்குப்படி வட்டத்துக்கு வெளியே இருந்தாலும், தட்பவெப்பத்தில் இது ஆர்க்டிக்தான். எல்ஸ்மியர் தீவில் தொடங்கி, பாஃபின் தீவு வழியாகத் தெற்கே நீளும் ஆர்க்டிக் மலைவரிசைக்கு இதுதான் வால்.

உயரம் என்று பார்த்தால் பிரமாதமில்லை. மிக உயர்ந்த சிகரமே 1,652 மீட்டர்தான். ஆனால் ராக்கி மலைகளுக்குக் கிழக்கே, தீவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், கனடாவில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. மலை கடலிலிருந்தே நேராக எழும்புவதால் உள்ள உயரத்தைவிட அதிகமாகத் தெரியும். பழைய பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து நீண்ட, குறுகிய கழிகளாகியிருக்கிறது; ஃபியோர்டு என்பார்கள். நாச்வாக் என்ற ஃபியோர்டுக்குள் படகில் போனால் இரண்டு பக்கமும் பாறைச்சுவர் சில இடங்களில் 900 மீட்டர் வரை எழும்பி நிற்கும். சாக்லெக், ஹெப்ரான் பகுதிப் பாறைகளின் வயது 360 முதல் 390 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூமிக்கே 454 கோடி ஆண்டுகள்தான் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மேலே நிழல் விழும் பள்ளங்களில் சிறு பனியாறுகள் நூறளவில் மிச்சமிருக்கின்றன. அவற்றின் பரப்பு 1950க்கும் 2005க்கும் இடையில் கால் பங்குக்கு மேல் சுருங்கிவிட்டது.

மலையின் மிக உயர்ந்த சிகரத்துக்கு இரண்டு பெயர். மாகாண எல்லைக்கு அந்தப் பக்கம் கியூபெக்கில், 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி ஒருவரின் பெயரில் டிபெர்வில். இந்தப் பக்கம் லாப்ரடாரில் காப்விக். காப்விக் ஓர் இனுவிட் பெண். 1772இல் ஜார்ஜ் கார்ட்ரைட் என்ற ஆங்கிலேய வணிகர் லண்டனுக்குக் கூட்டிப்போன ஐந்து இனுவிட்களில் ஒருத்தி. திரும்பும் வழியில் ஐவருக்கும் பெரியம்மை கண்டது. பிழைத்தவள் அவள் மட்டும்.

பள்ளிப் பாடத்தில் நாம் படித்த 'எஸ்கிமோ'தான் இனுவிட். எஸ்கிமோ என்பது வெளியார் வைத்த பெயர், கனடாவில் இன்று அதை யாரும் மரியாதையான சொல்லாகக் கொள்வதில்லை. இனுவிட் என்றால் மக்கள். ஒருவர் மட்டும் என்றால் இனுக். அதே பாடத்தில் படித்த இக்லுவுக்கும் அவர்கள் மொழியில் 'வீடு' என்றுதான் பொருள். லாப்ரடார் கரையில் பனிக்கட்டி வீடு பெரும்பாலும் பயண வழியில் போட்டுக்கொள்வது. குளிர்காலம் முழுக்கத் தங்குவதற்குக் கல்லும் புல்கரணையும் திமிங்கில எலும்பும் வைத்துப் பாதி மண்ணுக்குள் இறக்கிய வீடுகளையே கட்டினார்கள்.

இனி ஆவிக்கு வருவோம்.

டோர்ன்காக் என்பது ஒருமை, டோர்ன்காயிட் பன்மை. லாப்ரடார் வழக்கில் இன்று டோங்காயிட் என்று எழுதுகிறார்கள். இது செத்தவர்களின் பேயைக் குறிக்கும் சொல் இல்லை. உதவிக்கு வரும் ஓர் ஆற்றல், துணை என்று சொன்னால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். இனுவிட் ஊர்களில் அங்காக்குக் என்றொருவர் இருப்பார். வேட்டை பொய்த்தாலோ, நோய் கண்டாலோ, காற்று நாட்கணக்கில் அடங்காமல் அடித்தாலோ காரணம் கேட்க அவரிடம்தான் போவார்கள். அவருக்குத் துணையாக ஒன்றோ பலவோ டோர்ன்காயிட் உண்டு. அவற்றின் உதவியால் கண்ணுக்குத் தெரியாத பக்கம் போய், என்ன தவறு நடந்தது, யாரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டு வருவார்.

இந்தத் துணைகளுக்கெல்லாம் மேலே டோர்ன்கார்சோவாக். பெயருக்கே பெரிய டோர்ன்காக் என்றுதான் பொருள். கடல் விலங்குகளின் உயிர் அவன் கையில். பெரிய வெண்கரடியாக உருவெடுத்து இந்த மலைகளில் இருப்பான் என்பார்கள். நிலத்து விலங்குகளுக்கு, குறிப்பாகக் கரிபூ மான்களுக்கு, அவன் மனைவி பொறுப்பு என்று லாப்ரடாரின் பழைய பதிவுகளில் காணலாம்.

இதைக் கதை என்று ஒதுக்கும் முன் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். நெல் விளையாத, கிழங்கு முளைக்காத நாடு. சாப்பாடு சீல், வால்ரஸ், மீன், கரிபூ. உடுப்பு அவற்றின் தோல், விளக்குக்கு எண்ணெய் சீலின் கொழுப்பு. வயிற்றுக்குள் போவதெல்லாம் நேற்று வரை ஓர் உயிராக நடமாடியது. விலங்குக்கும் உயிர் உண்டு, அதற்கு ஒரு உடையவர் உண்டு, மரியாதை கெட்டால் அவர் தன் விலங்குகளை அனுப்பாமல் நிறுத்திவிடுவார் என்பது அப்படிப்பட்ட வாழ்வில் பிறக்கும் எண்ணம். கொன்றதை வீணாக்காதே, பங்கிட்டுக் கொடு, கடல் விலங்கின் இறைச்சியையும் நில விலங்கின் இறைச்சியையும் கண்டபடி கலக்காதே என்ற கட்டுப்பாடுகளெல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

அந்த உடையவன் இருக்க இந்த மலை ஏன்? இது என் ஊகம்தான்: கடல் மலைக்குள் வெகுதூரம் புகுந்து கிடக்கும் இடம் இது. ஒரே ஃபியோர்டில் காலையில் சீலும் மாலையில், அரைநாள் மேலே ஏறினால், கரிபூவும் கிடைக்கலாம். டோர்ன்காட்டுக்கென்றே ஒரு தனிக் கரிபூக் கூட்டம் உண்டு. மற்ற கூட்டங்களைப் போல் நெடுந்தூரம் வலசை போகாமல் ஆண்டு முழுக்க மலையிலேயே இருக்கும், குட்டியும் மலை மேலேயே போடும். இரண்டு உணவு உலகங்களும் கைகோக்கும் இடத்தில் அவற்றுக்கு உடையவர்களையும் வைத்தது பொருத்தமாகத்தான் படுகிறது.

'தீய' என்ற ஒட்டு எங்கிருந்து வந்தது? மொரேவியன் சபை என்ற ஜெர்மானியச் சீர்திருத்தக் கிறித்தவர்கள் 1771இல் நெய்னில் முதல் மிஷனை அமைத்தார்கள். மெல்ல மெல்ல வடக்கே ஏறி, 1830இல் ஹெப்ரானிலும், 1871இல் மலைகளுக்கு நடுவே ராமாவிலும் மிஷன் போட்டார்கள். மொழியை உழைத்துக் கற்றார்கள், ரோமன் எழுத்தில் எழுத வைத்தார்கள், வேதாகமத்தை மொழிபெயர்த்தார்கள். லாப்ரடார் இனுவிட்கள் இன்றும் ரோமன் எழுத்தில்தான் எழுதுகிறார்கள். மொழிபெயர்க்கும்போது சாத்தானுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. டோர்ன்காக்கை எடுத்துக்கொண்டார்கள். பரிசுத்த ஆவிக்கோ மூச்சைக் குறிக்கும் அனெர்னெக் என்ற சொல் போயிற்று.

தமிழில் ஆவி என்ற ஒரே சொல் இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. ஆவி என்றால் மூச்சு, உயிர். பானையிலிருந்து எழும்புவதும் ஆவி. தேவாலயத்தில் பரிசுத்தத்தோடு சேர்ந்து வருவதும் அதுவே. ராத்திரியில் பிள்ளைகளைப் பயமுறுத்துவதும் அதுவே. இனுவிட் மொழியில் இந்தப் பக்கங்களைப் பிரித்து ஒன்றுக்குப் பரலோகமும் இன்னொன்றுக்கு நரகமும் கொடுத்துவிட்டார்கள். அங்காக்குக்கின் துணை பிசாசாயிற்று. மலையின் பெயரும் கூடவே இருண்டது.

கிறித்தவத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. நாச்வாக் போன்ற வடக்குப் பக்கங்களில் பழைய வழியிலேயே இருந்த குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை உண்டு. 1880இல் ஐரோப்பாவில் மனிதர்களைக் கூண்டு விலங்கு மாதிரிக் காட்சிக்கு வைக்கும் கூட்டத்துக்காக, ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய விலங்கு வணிகரின் ஆள் இங்கே வந்தார். ஹெப்ரானிலிருந்து ஆபிரகாம் என்ற கிறித்தவரின் குடும்பமும், நாச்வாக்கிலிருந்து தெரியானியாக் என்ற அங்காக்குக்கின் குடும்பமும் ஆக எட்டுப் பேர் கப்பலேறினார்கள். ஆபிரகாம் வயலின் வாசிப்பார், எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஹாம்பர்க், பெர்லின் என்று ஊர் ஊராக நிறுத்தப்பட்ட நாட்களை அவர் தம் மொழியில் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். யாருக்கும் அம்மைத் தடுப்பூசி சரியான நேரத்தில் போடப்படவில்லை. 1881 ஜனவரிக்குள் எட்டுப் பேரும் இறந்துபோனார்கள்.

'ஆளில்லாத மலை'யைப் பார்ப்போம்.

1943 அக்டோபரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ரகசியமாக மலையின் வடமுனையில் மார்ட்டின் விரிகுடாவுக்குள் வந்து, தானியங்கி வானிலை நிலையம் ஒன்றை நிறுவிவிட்டுப் போனது. அதன் பெட்டிகளில் 'கனடியன் மீட்டியர் சர்வீஸ்' என்று போலிப் பெயர் எழுதி, சுற்றிலும் அமெரிக்க சிகரெட் அட்டைகளை இறைத்துவைத்தார்கள். அது ஜெர்மானியருடையது என்று 1981இல்தான் தெரியவந்தது. இந்தக் கதையை 'யாருமே இல்லாத இடம்' என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்த விவரம் வேறு. கப்பல் தலைவர் அவ்வளவு வடக்கே போனதற்குக் காரணம், தெற்கே நிறுத்தினால் இனுவிட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம். எதிரி நாட்டு மாலுமிக்குக்கூட அந்தக் கரையில் ஆள் நடமாட்டம் உண்டு என்று தெரிந்திருக்கிறது.

கரையில் இறங்கி நடந்தால் கண்ணில் படுவது கல்வட்டங்கள். சமதரையில் முழங்கால் உயரம்கூட இல்லாத கற்கள், நாலைந்து அடி ஆரத்தில் வட்டமாகக் கிடக்கும். தோல் கூடாரத்தின் விளிம்பு காற்றில் தூக்கிக்கொண்டு போகாமலிருக்க வைத்த பாரக்கற்கள் அவை. கிளம்பும்போது தோலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கல்லை விட்டுவிடுவார்கள், அடுத்த கோடைக்கு வேண்டியிருக்குமே. வட்டத்துக்குள் நின்று பார்த்தால் வாசல் எந்தப் பக்கம் என்று இடைவெளி காட்டும். பெரும்பாலும் எதிரே தண்ணீர் தெரியும். உள்ளே மாக்கல்லில் குடைந்த விளக்கு ஒன்று சீல் எண்ணெயில் எரிந்திருக்கும். இப்போது கற்களின் மேல் பாசி படர்ந்திருக்கிறது. புதிய வட்டம் எது, பழையது எது என்று பாசியைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம்.

இனுவிட்களுக்கு முன்பே இங்கே ஆட்கள் உண்டு. ராமா விரிகுடாவில் ஒரு வகைக் கல் கிடைக்கிறது. சாம்பல் நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் பனிக்கட்டி மாதிரி உள்ளே ஒளி ஊடுருவும், சீவினால் கண்ணாடி விளிம்பாகக் கூர்படும். ஈட்டிமுனைக்கும் கத்திக்கும் இதைவிட நல்ல கல் அந்த வட்டாரத்தில் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடற்கரையோடு வாழ்ந்த பழங்குடிகள் இதை வெட்டியெடுத்தார்கள். அந்தக் கல் கைமாறிக் கைமாறி 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் இன்றைய அமெரிக்காவின் மெயின் மாநிலத்துப் புதைகுழிகள் வரை போயிருக்கிறது. பிறகு டோர்செட் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் மக்கள் வந்தார்கள். இனுவிட் கதைகளில் 'டுனிட்' என்று, பெரிய பலசாலிகளாக, ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவர்களாக வருகிறவர்கள் அவர்கள்தான் என்று கருதுகிறார்கள். இன்றைய இனுவிட்களின் முன்னோர் அலாஸ்காப் பக்கத்திலிருந்து கிழக்கே பரவி, சில நூற்றாண்டுகளுக்கு முன் இங்கே வந்து சேர்ந்தவர்கள்.

மலை அவர்களுக்குத் தடையாகவும் இருக்கவில்லை. உங்காவா விரிகுடாவில் விழும் கோரோக் ஆற்றின் பள்ளத்தாக்கு மலையின் முதுகு வரை ஏறுகிறது. நாய் பூட்டிய சறுக்குவண்டியில் அந்த வழியாக ஏறி, மறுபக்கம் நாச்வாக்கில் இறங்கி, இரண்டு கடற்கரை மக்களும் வேட்டைக்கும் பண்டமாற்றுக்கும் பெண் எடுக்கவும் கொடுக்கவும் போய்வந்தார்கள். உங்காவாப் பக்கத்துக் குடும்பத்துக்கு லாப்ரடாரில் உறவு இருப்பது அங்கே சாதாரணம்.

இத்தனை ஆட்கள் புழங்கிய கரை ஏன் காலியாயிற்று? முதல் அடி நோய். 1918இல் மிஷனின் சரக்குக் கப்பலான ஹார்மனி, ஸ்பானிஷ் ஃப்ளூவையும் சேர்த்து இறக்கிவிட்டுப் போனது. ஹெப்ரானுக்குத் தெற்கே ஓக்காக் என்ற ஊரில் 263 பேரில் 204 பேர் இறந்தார்கள். அந்த ஊரே முடிந்துபோனது.

இரண்டாவது அடி அரசாணை. மிஷனும் அரசும் மருத்துவ சேவை அமைப்பும் பேசி முடிவெடுத்து, வடக்கு ஊர்களை நடத்துவது செலவு என்று, 1956இல் நுட்டாக்கை மூடின. 1959இல் ஹெப்ரானின் முறை. ஊரை மூடப்போகிறோம் என்ற செய்தியை மக்களுக்குச் சொன்ன இடம் தேவாலயம். கர்த்தருடைய வீட்டுக்குள் குரலை உயர்த்தி மறுத்துப் பேசுவது அந்த மக்களின் வழக்கத்தில் கிடையாது. சொன்னவர்களுக்கு இது தெரியாமலிருந்திருக்குமா? யாரும் எதிர்க்கவில்லை. அந்த மௌனமே சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சுமார் 230 பேர் நெய்ன், ஹோப்டேல், மக்கோவிக் என்று தெற்கே பிரித்து அனுப்பப்பட்டார்கள். கூட்டுக் குடும்பங்கள் சிதறின. போன ஊர்களில் நல்ல மீன்பிடி இடமும் நல்ல வேட்டை இடமும் ஏற்கெனவே உள்ளூர்க் குடும்பங்களுக்குச் சொந்தம். பிறந்த கரையில் எந்தப் பாறைக்குப் பின்னால் சீல் வரும் என்று தெரிந்த வேட்டைக்காரன், முன்பின் தெரியாத கரையில் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாமல் நின்றான். மலை 'ஆளில்லாத இடம்' ஆனது இப்படித்தான். நீண்ட மிஷன் கட்டடம் மட்டும் ஹெப்ரானில் தனியாக நின்றது.

திரும்பி வருவதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. லாப்ரடார் இனுவிட்கள் 1977இல் நில உரிமை கோரிக்கை வைத்தார்கள். 2005 ஜனவரி 22 அன்று நெய்னில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஹெப்ரான், நுட்டாக் மக்களிடம் மாகாண முதல்வர் டேனி வில்லியம்ஸ் மன்னிப்பும் கேட்டார். அந்த ஆண்டு டிசம்பர் முதல் நாளில் 'நம் அழகிய நிலம்' என்று பொருள்படும் நுனாட்சியாவுட், தன்னாட்சிப் பகுதியாக நடைமுறைக்கு வந்தது. 2009இல் ஹெப்ரானில் நினைவுச்சின்னம் திறந்தார்கள். மன்னிப்பு வாசகத்தோடு, அதை ஏற்றுக்கொள்கிறோம் என்ற மக்களின் பதிலும், அனுப்பப்பட்டவர்களின் பெயர்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

அதே ஒப்பந்தத்தின் பகுதியாகத்தான் 9,700 சதுர கிலோமீட்டரில் டோர்ன்காட் மலை தேசியப் பூங்கா பிறந்தது. அதைக் கனடாவுக்குத் தாங்கள் கொடுத்த பரிசு என்று லாப்ரடார் இனுவிட்கள் சொல்வார்கள். எடுத்துக்கொள்ளப்பட்ட நிலத்தைப் பற்றியே கேட்டுப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வியப்பாக இருக்கலாம். உங்காவாப் பக்கத்து நுனாவிக் இனுவிட்களுடனும் உடன்பாடு ஆன பிறகு, 2008இல் அது முழுப் பூங்காவாயிற்று. பூங்காவைப் பற்றி ஆலோசனை சொல்லும் கூட்டு நிர்வாகக் குழுவில் ஏழு பேரும் இனுவிட்கள். கனடாவில் இப்படி ஒரு குழு அமைந்தது இதுவே முதல்முறை. வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. சாக்லெக் விரிகுடாவில் சாலிகுலுக் என்ற தீவு முழுக்கக் கல்லறைகள். ஆராய்ச்சிக்கென்று தோண்டி எடுத்துப்போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் பிற்பாடு திருப்பிக் கொண்டுவரப்பட்டு, அதே தீவில் மறுபடி புதைக்கப்பட்டன.

இன்று போக விரும்புகிறவர் கூஸ் பே என்ற ஊரிலிருந்து சிறு விமானத்தில் சாக்லெக்கின் பழைய ராணுவ ஓடுபாதையில் இறங்கி, அங்கிருந்து படகில் அடிமுகாமுக்குப் போக வேண்டும். முகாம் இயங்குவது கோடையில் சில வாரங்கள்தான். விஞ்ஞானிகள், இனுவிட் முதியவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூடாரத்தில் சாப்பிடுவார்கள். சார் என்ற மீனை வாலோடு சேர்த்துப் பிளந்து, சதையில் குறுக்காகக் கீறி, காற்றில் உலர்த்தக் கொடியில் தொங்கவிடுவார்கள். 'பிட்சிக்' என்று பெயர், நம் கருவாட்டைப் போல் உப்பு அதிகம் கிடையாது. முகாமைச் சுற்றி மின்வேலி. வேலிக்கு வெளியே கால் வைத்தால் ஓர் இனுவிட் கரடிக் காவலர் கூடவே வருவார். பூங்காவுக்குள் பயணிகள் துப்பாக்கி கொண்டுபோக முடியாது, அவர் கொண்டுவரலாம். நீங்கள் ஃபியோர்டையும் அருவியையும் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவர் அவற்றைப் பார்க்கமாட்டார். சற்று மேடான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கரையையும் சரிவையும் தொலைநோக்கியால் அளந்துகொண்டிருப்பார். பழுப்புப் பாறைகளுக்கு நடுவே பனித்திட்டு மாதிரி ஒரு வெள்ளை, அது நகர்கிறதா என்று பார்ப்பார். படகுக்குத் திரும்புங்கள் என்று அவர் சொன்னால், ஏன் என்று கேட்காமல் திரும்ப வேண்டும்.